வலிப்பு ஜிம்மிக்கு, தூக்கம் போனது உங்களுக்கு

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர், எங்கள் வீட்டு லாப்ரடார் ஜிம்மிக்கு மூன்றரை வயது. மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குத் தடதடவென்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் ஹாலில் ஒருக்களித்துக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை, சிறுநீரும் போய்விட்டது. அதன்பின் மேலும் இரண்டு முறை வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, காரணம் தெரியாத வலிப்பு என்று சொல்லி கார்டெனால் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டதிலிருந்து எந்நேரமும் தூக்கம், பின்னங்கால் தள்ளாட்டம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறான். பார்க்கப் பொறுக்காமல் பத்தாம் நாள் நானே நிறுத்திவிட்டேன். நாலு நாள் கழித்து ஒரே ராத்திரியில் இரண்டு முறை வந்தது. மாமியார் இரும்புச் சாவியை எடுத்து வந்து அவன் காலில் வைத்து அழுத்தினார். நாக்கை விழுங்கிவிடுவான் என்று என் கணவர் வாயில் ஸ்பூனை விட்டு, விரலில் கடி வாங்கி, இப்போது ஊசி போட்டு வருகிறார். மாடி வீட்டுக்காரர் வெறிநாய் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் நிறுத்தியதால்தான் வந்ததா? ஆயுசு முழுக்க மாத்திரைதானா? கருணைக்கொலை செய்துவிடுவதே அவனுக்கு நல்லது என்கிறார்களே, அது சரியா? நாலு மாதமாக ஹால் விளக்கை அணைக்காமல் அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறேன்."

நீங்கள் முதலில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஆம், நிறுத்தியதால் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் போட்டேன். இதற்குள் டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதில் உங்கள் தப்பைவிட எங்கள் தப்புதான் பெரிது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பொமரேனியனுக்கு இதே மாத்திரையை எழுதி, "காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தனியாக வந்தார். கையில் மீதி மாத்திரை இருந்தது. "கிறங்கிக் கிடந்ததேன்னு நிறுத்திட்டேன் சார்" என்றார். நாய் போய்விட்டது. அவருக்கு அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கார்டெனாலில் இருப்பது பீனோபார்பிட்டோன். மூளை நரம்புகள் தறிகெட்டுத் துடிப்பதை அடக்கிவைக்கும் மருந்து. ரத்தத்தில் அது ஒரு நிலையான அளவுக்கு வந்து சேரவே இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் நாய் தூங்கி வழியும், தள்ளாடும். பிறகு உடம்பு பழகிக்கொள்ளும், பெரும்பாலான நாய்களுக்குத் தள்ளாட்டமும் மயக்கமும் தெளிந்துவிடும். நீங்கள் பத்தாம் நாள் நிறுத்தினீர்கள். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் பழைய ஜிம்மியைப் பார்த்திருக்கலாம். இந்த மருந்துக்குப் பழகிய மூளையிடமிருந்து அதைச் சட்டென்று பிடுங்கினால், அடங்கியிருந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பும். அதனால்தான் அந்த ராத்திரி. எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதாக இருந்தாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாக.

தாகமும் பசியும் மட்டும் முழுசாகப் போகாது. லாப்ரடாருக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்ததாகச் சரித்திரம் இல்லை, இந்த மாத்திரையும் சேர்ந்தால் சமையலறை வாசலிலேயே குடியிருப்பான். இரங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் உருண்டுவிடுவான். வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ், பூசணி கொடுங்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது. மட்டன் கொழுப்பு, எண்ணெய்ப் பண்டம் எதுவும் வேண்டாம், இந்த மருந்து சாப்பிடும் நாய்களுக்குக் கணைய வீக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் வலிப்பு நிற்கும் என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒருமுறை வெளியே கூட்டிப்போனால் ஹால் தரை தப்பும்.

இரண்டு வேளைக்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். காலை ஏழு, இரவு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் முழுங்கிவிடுவான் என்று நினைப்போம். அதையும் நம்ப முடியாது. என்னிடம் வந்த ஒரு வீட்டில் மருந்தே வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது பிரிட்ஜை நகர்த்தினால், பின்னால் வெள்ளை வெள்ளையாக ஏழு மாத்திரை! இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைப் பத்திரமாகத் துப்பி வைத்திருக்கிறது. கொடுத்த பிறகு ஒரு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. அப்புறம், இது சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து, எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருப்பு வைப்பதில்லை. பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். பொங்கல் லீவில் கடை கடையாக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கான பெரிய லேப்களிலேயே இதைச் செய்கிறார்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தின் அளவையும் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்கலாம். நாளாக ஆக ஜிம்மியின் கல்லீரல் இந்த மருந்தைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சிதைக்கக் கற்றுக்கொள்ளும், அதே மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் அளவு இறங்கும். அதனால்தான் 'நல்லாத்தானே இருக்கான்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். இது ஒன்றே போதாமல் போனால் பொட்டாசியம் புரோமைடு, லெவெடிராசெட்டம் என்று சேர்க்க வேறு மருந்துகளும் உண்டு. புரோமைடுக்குப் போனால் சாப்பாட்டில் உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு நாள் அப்பளமும் கருவாடும் கிடைத்தால் அந்த உப்பு மருந்தை உடம்பிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இனி அந்த நாலு மணிக் காட்சி.

முதலில் மணியைப் பாருங்கள். போனில் வீடியோ எடுத்தால் நேரமும் பதிவாகும், டாக்டருக்கும் காட்டலாம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தானாக அடங்கும். பார்க்கிற நமக்கு அது இருபது நிமிடம் போலிருக்கும், அதனால்தான் கடிகாரம் வேண்டும் என்கிறேன். நாற்காலி, டீப்பாயை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றைத் தள்ளுங்கள், முதுகுப்பக்கமாக நின்றபடி. வாய்ப்பக்கம் கை போகவே கூடாது. நாய் நாக்கை விழுங்காது. அதற்கு வழியே இல்லை. அந்த நேரம் தாடை தானாகப் பூட்டிக்கொள்ளும். ஜிம்மி உங்கள் கணவரைக் கடிக்கவில்லை, நடுவில் விரல் இருந்தது, அவ்வளவுதான். அவர் ஊசி போட்டு வருவது சரியான காரியம், பாதியில் விட வேண்டாம். எந்த நாய்க் கடியானாலும், வீட்டு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இரும்புச் சாவியால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றரை நிமிடத்தில் வலிப்பு நிற்கத்தான் போகிறது, பெயர் மட்டும் சாவிக்குப் போகும். உங்கள் மாமியாரிடம் இதை வாதாட வேண்டாம். அவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, "அத்தை, நேரம் பாருங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புத்தானே.

ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால், அல்லது 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தால், அல்லது ஒன்றிலிருந்து தெளியாமலே அடுத்தது தொடங்கினால், அது அவசரம். எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிதான். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ராத்திரி அந்த வகை. விடியும்வரை காத்திருந்தும் அவன் தப்பியது அதிர்ஷ்டம், காத்திருப்பதையே வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து உதைக்கும்போது உடம்பு கொதிக்க ஆரம்பிக்கும், திருச்சி வெயிலில் கேட்கவே வேண்டாம். மின்விசிறியைப் போட்டு, ஈரத் துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்தபடி வண்டியில் ஏற்றுங்கள். ஐஸ் வேண்டாம். ஆசனவாய் வழியாகவோ மூக்கில் அடித்தோ வீட்டிலேயே கொடுக்கும் அவசர மருந்து உண்டு. ஜிம்மியின் எடைக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடமே எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். ராத்திரி யார் திறந்திருப்பார்கள் என்பதையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடங்கிய பிறகு கட்டிப்பிடித்து அழாதீர்கள். சில நிமிடமோ சில மணி நேரமோ அவனுக்கு உங்களைத் தெரியாது. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. சுவரில் முட்டுவான், சுற்றிச் சுற்றி நடப்பான், பயந்து உறுமினாலும் உறுமுவான். மாடிப்படிக் கதவைச் சாத்துங்கள், விளக்கைக் குறையுங்கள், தள்ளி உட்கார்ந்து பேர் சொல்லிக் கொஞ்சம் பேசுங்கள். தள்ளாடாமல் நிற்கத் தொடங்கியதும் தண்ணீர், பிறகு சாப்பாடு. வீட்டில் வேறு நாய் இருந்தால் தனியே கட்டிவிட வேண்டும். வலிப்பில் கிடக்கும் நாயை இன்னொரு நாய் தாக்குவது உண்டு.

மாடி வீட்டுக்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது: ரேபீஸ் வந்த நாய் பத்து நிமிடத்தில் எழுந்து பிஸ்கட் தேடாது. அறிகுறி வெளிப்பட்டால் பத்து நாளைக்குள் செத்துப்போகும். ஜிம்மி நாலு மாதமாக உங்கள் வீட்டு இட்லியைக் காலி செய்துகொண்டிருக்கிறான். தடுப்பூசி அட்டையை ஒருமுறை காட்டிவிடுங்கள், வருடம் தவறாமல் போட்டுக்கொண்டும் இருங்கள்.

மார்கழிக் குளிரில் குளிப்பாட்டியதால் வந்ததா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் முதல் வலிப்பு வந்து, நடுவில் உள்ள நாட்களில் நாய் எப்போதும்போல இருந்து, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லையென்றால், அது பெரும்பாலும் பிறவியிலேயே மரபில் வந்தது. லாப்ரடாரிலும் பீகிளிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் சகஜமாகப் பார்க்கிறோம். ஆகவே ஜிம்மியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகளில் ஐசாக்ஸசோலின் என்ற வகை உண்டு. சில நாய்களுக்கு அது வலிப்பைக் கிளப்பக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் எச்சரித்தது. உண்ணி மருந்து வாங்கும்போது வலிப்பு இருப்பதைச் சொல்லி வேறு வகை கேளுங்கள். பூஜை அலமாரியில் கற்பூரம் அவனுக்கு எட்டாமல் இருக்கட்டும், அதுவும் தின்றால் வலிப்பைக் கொண்டுவரும்.

ஆயுசு முழுக்கத்தானா என்றால், அநேகமாக ஆம். ஒன்றிரண்டு வருடம் ஒரு வலிப்புகூட வரவில்லையென்றால் மெல்லக் குறைத்துப் பார்ப்பது உண்டு, ஆனால் குறைத்தவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள். மருந்து போட்டும் எப்போதாவது ஒன்று வரத்தான் செய்யும். மாதம் ஒன்று வந்தது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆனால், எங்கள் கணக்கில் அது வெற்றி. ஒரு காலண்டரில் தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஞாபகத்தை நம்பினால் எல்லா மாதமும் மோசமாகத்தான் தெரியும்.

கருணைக்கொலை செய்திருக்கிறேன். வாரம் தவறாமல் கொத்துக் கொத்தாக வலிப்பு வந்து, இரண்டு மூன்று மருந்து சேர்த்தும் கேட்காமல், நடுவில் உள்ள நாட்களிலும் யாரையும் அடையாளம் தெரியாமல் போன நாய்களுக்கு. ஜிம்மி மாத்திரையை ஒழுங்காக ஒரு மாதம்கூடச் சாப்பிடவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லப் போவதில்லை. மருந்துக்குச் சரியாக அடங்கவில்லை என்றால் பெரிய இடத்தில் காட்டலாம். ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கடைசியாக அந்தப் பாய். வலிப்பு பெரும்பாலும் தூக்கத்தில்தான் வருகிறது, நீங்கள் விழித்துக் காவல் இருந்து தடுக்க முடியாது. அவன் கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன மணி கட்டுங்கள், கால் தரையில் அடிபடும் சத்தத்தோடு அதுவும் சேர்ந்தால் உள்ளறையில் இருக்கும் உங்களை எழுப்பிவிடும். கூர்மையான மேஜை முனை இல்லாத மூலையில் அவன் படுக்கையைப் போட்டுவிட்டு, நீங்கள் உள்ளே போய்ப் படுங்கள். ஹால் விளக்கை அணையுங்கள், அந்த வெளிச்சத்தில் அவனுக்கும்தான் தூக்கம் வந்திருக்காது. காலை ஏழு மணிக்கு அலாரம் மட்டும் இருக்கட்டும்.