குணமா, வருத்தமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு மனநல வைத்தியரின் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டு பெயர்களைச் சுற்றியே இருந்தன: பைபோலர், போர்டர்லைன். புத்தகத் தமிழில் இருமுனைப் பிறழ்வு, எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. கிளினிக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 22 வயது. காலையில் பாடிக்கொண்டு வேலைக்குப் போகிறாள், மத்தியானம் போனில் அழுகிறாள், பின்னேரம் கதவை அடித்துச் சாத்துகிறாள், இரவுச் சாப்பாட்டில் மறுபடி சிரிப்பு. ஒரு நாளில் நாலைந்து தரம் மாறினால் அது முற்றின பைபோலர் என்று இணையத்தில் வாசித்தேன். உண்மையா?

இல்லை, அம்மா. பைபோலரில் மனம் ஒரு காலம் மேனியா என்ற அளவுக்கு மீறிய எழுச்சியில் நிற்கும், இன்னொரு காலம் மனச்சோர்வில் விழும்; அதன் கணக்கு நாளும் கிழமையும். மேனியா என்று சொல்ல அந்த எழுச்சி குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும்; ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால் மட்டும் நாள் எண்ணத் தேவையில்லை. கொஞ்சம் மெலிதான ஹைப்போமேனியாவுக்கு 4 நாள். மனச்சோர்வுக்கு 2 கிழமை. 'ரெபிட் சைக்ளிங்' என்ற சொல்தான் சனத்தைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அது எழுச்சியோ சோர்வோ ஒரு வருடத்தில் 4 தரமோ அதற்கு மேலோ வருவதைக் குறிக்கும் சொல். ஒரே நாளில் நாலு தரம் என்பது வேறு கதை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை என் முன்னால் இருந்தது. போன் மேசையில். காதலனுக்கு அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே முகம் இறுகியது. "அவன் என்னை விடப் போறான், எனக்குத் தெரியும்" என்றாள். கை நடுங்கியது. அப்புறம் போன் அதிர்ந்தது: "சொறி, மீட்டிங்." இரண்டு நிமிடத்தில் பழைய ஆள். "டொக்டர், கீழ கன்ரீன்ல டீ நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். கால் மணித்தியாலத்துக்குள் மூன்று பேரைப் பார்த்த மாதிரி இருந்தது.

போர்டர்லைன் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். யாரோ விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் தொடும், மனநிலை கவிழும், சில மணித்தியாலத்தில் திரும்பும். காலையில் தெய்வமாக இருந்தவர் பின்னேரம் துரோகி. மேனியா ஒரு செய்தியால் அடங்காது. "சொறி, மீட்டிங்" வந்தாலும் அது தன்பாட்டில் ஓடும்.

ஆகவே இரண்டு விஷயம் கவனியுங்கள். மாறுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை? மேனியாவில் உள்ளவர் இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்பி, களைப்பே இல்லாமல் வீட்டைக் கழுவுவார். அழுது விடியவிடிய முழித்த பிள்ளைக்கு அடுத்த நாள் கண் எரியும், தலை இடிக்கும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசித்துவிட்டு மகளுக்குப் போர்டர்லைன் பட்டம் கட்டிவிடாதீர்கள். 9 அறிகுறிகளில் 5 ஆவது வேண்டும், இளம் வயதிலிருந்தே, வீடு, வேலை, நட்பு என்று பல இடத்திலும் தெரிய வேண்டும். 22 வயதில் ஒரு மோசமான காதலே இவ்வளவும் செய்யும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மனைவி: என் கணவர் பத்துச் சதத்துக்கும் கணக்கு எழுதும் மனுஷன். போன வருடம் மூன்று கிழமை நித்திரையே இல்லை. புறக்கோட்டைக் கடைக்கு ஐந்து வருடத்துக்கான சரக்கு ஓர்டர் பண்ணினார், என் நகையை அடகு வைத்தார், எல்லாருக்கும் ஏசினார். இப்போது லித்தியம் குளிசை குடிக்கிறார், பழையபடி அமைதி. மாமியார் "அதுதான் அவன்ட உண்மையான குணம், வெளியில வந்திட்டுது" என்கிறார்.

காய்ச்சலில் பிதற்றினவரைப் பார்த்து, உள்ளுக்குள் இருந்ததுதான் வெளியில் வந்தது என்று சொல்வோமா? மேனியாவில் செய்த செலவையும் பேச்சையும் வைத்துக் குணத்தை அளக்க முடியாது. அதனால்தான் வருத்தம் உச்சத்தில் நிற்கும்போது ஆளுமைச் சோதனை எதையும் நான் நம்புவதில்லை. ஆள் இறங்கி, சில மாதம் சமநிலையில் இருக்கும்போது தெரிவதுதான் அவர். உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்தக் கணக்கு எழுதும் மனுஷன்தான். இதைச் சொன்னதும் நகை திரும்பி வராது, தெரியும். அதற்கு நீங்கள் கோபப்படலாம். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்துக்கு மாற்றுவது பற்றி, அவர் தெளிவாக இருக்கிற இந்த நேரத்திலேயே அவருடன் கதையுங்கள்.

லித்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1949இல் ஒஸ்ரேலிய மனநல வைத்தியர் ஜோன் கேட் மேனியாவுக்குப் பயன்படுத்திக் காட்டிய மருந்து, இன்னும் அதற்கு நிகர் குறைவு. ஆனால் இரத்தத்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சின்னது. அந்த அளவைச் சோதிக்க இரத்தம் கொடுப்பது கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து. இரவு எட்டுக்குக் குடித்தால் காலை எட்டுக்கு. அன்று காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு. சிறுநீரகமும் தைராய்டும் இடைக்கிடை பார்க்க வேண்டும். திடீரென்று உப்பைக் குறைத்தாலும், வயிற்றோட்டம் வந்தாலும், இந்தக் கொழும்பு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேர்த்தாலும் அளவு ஏறும். மூட்டு வலிக்கென்று பார்மசியில் இபுபுரோபன், டைக்ளோஃபெனக் கேட்டு வாங்கக் கூடாது. சாதாரண வலிக்குப் பனடோல் போதும். கை கடுமையாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெஹிவளை மாணவர்: இணையத்தில் ஐம்பண்புச் சோதனை செய்தேன், ஆளுமையை ஐந்து பண்பாக அளப்பது. பதற்றத்தில் மிக உயர்வு, ஒழுங்கில் குறைவு. நான் போர்டர்லைனா?

பரீட்சைக் காலத்தில் செய்தீர்களா, தம்பி? நீங்கள் பதற்றம் என்று எழுதியது, அதாவது உணர்ச்சி சுலபமாகக் கலங்கும் பண்பு, பைபோலர் உள்ளவர்களிடமும் போர்டர்லைன் உள்ளவர்களிடமும் சராசரியை விட உயர்வாகத் தெரிகிறது. போர்டர்லைனில் அத்துடன் இணங்கிப் போவதும் ஒழுங்கும் குறைந்து காணப்படுவது வழக்கம். இதெல்லாம் பெரிய கூட்டத்தின் சராசரி. ஒரு தனி ஆளை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மட்டக்குளியிலிருந்து: இரண்டும் ஒருவருக்கே இருக்குமா?

இருக்கும். பைபோலர் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் போர்டர்லைனும் உண்டு என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் குளிசையும் வேண்டும், உளச் சிகிச்சையும் வேண்டும். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பும், ஆகவே பழைய எழுச்சிகளை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர்: மச்சாள் கையை வெட்டிக்கொள்கிறாள். வீட்டில் எல்லாரும் "நடிப்பு, கவனம் இழுக்கிறாள்" என்கிறார்கள். "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று அவள் முன்னாலேயே பகிடி.

அந்தப் பகிடியை முதலில் நிறுத்துங்கள். அங்கொடையில் இருப்பது தேசிய மனநல நிறுவகம். அதை வசவாக்கியதால் எத்தனை பேர் இரண்டு வருடம் பிந்தி வருகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். வெட்டிக்கொள்பவர்கள் அதிகமானோர் கையை மூடித்தான் வருகிறார்கள், இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு. தாங்க முடியாத உணர்ச்சியைக் கொஞ்ச நேரம் அடக்க வேறு வழி தெரியாத நிலை அது. அந்த வேறு வழியைக் கற்றுக்கொடுக்க முடியும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் இதற்கென்றே உருவாக்கிய டீ.பீ.டீ. என்ற சிகிச்சையில், உணர்ச்சி ஏறும்போது தாங்குவதும் ஆட்களோடு முறியாமல் கதைப்பதும் ஒரு பாடம் போல நடக்கும். இளம் வயதில் தானும் தன்னைக் காயப்படுத்தி மனநல ஆஸ்பத்திரியில் இருந்ததை 2011இல் அவரே வெளியில் சொன்னார். போர்டர்லைன் என்றால் ஆயுள் தண்டனை என்ற பேச்சும் பொய். பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் பெரும்பான்மையோருக்கு அந்த அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலையும் உறவும் சீராவதுதான் பிந்தும்.

சாவு பற்றி அவள் கதைத்தால், "அப்படி நினைக்கிறியா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் 1926க்கு அழையுங்கள், அது நிறுவகத்தின் இலக்கம்; உயிருக்கு ஆபத்து என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தகப்பன்: மூத்த மகனுக்கு பைபோலர், மருந்தோடு நன்றாக இருக்கிறான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறார்கள். அவளுக்கும் வருமா? கலியாணத்துக்கு அண்ணனைக் கூப்பிடலாமா?

கூடப்பிறந்தவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10. மற்றவர்களை விட அதிகம்தான், ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு வராது. சொல்வதா விடுவதா என்பது மகனையும் மகளையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு. என் அனுபவத்தில், மறைத்த வீடுகளில் பிறகு வந்த சண்டை வருத்தத்தைப் பற்றியதாக இருக்கவில்லை, மறைத்ததைப் பற்றியதாகவே இருந்தது.

இரண்டாவது கேள்வி எனக்குக் கஷ்டமாக இருந்தது. தங்கச்சி கலியாணத்துக்கு அண்ணன் இல்லாமலா? ஆனால் நித்திரை கெட்டால் மேனியா கிளம்பக்கூடும். ஆகவே பலகாரச் சூடும், விடியக்காலை முகூர்த்தமும், சொந்தக்காரர் நிரம்பின வீடும் அவருக்குச் சோதனைதான். முதல் நாள் இரவு அவரை மண்டப வேலைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்தில் ஓர் அறை எடுங்கள், குளிசை வழக்கமான நேரத்துக்கே. காலையில் வேட்டி கட்டி வந்து நிற்கட்டும்.