ஆய்வுக்கு விற்கப்படும் செலாங்க்: பதற்றத்துக்கு மூக்கில் விடலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், மென்பொருள் பணி, வயது 34. பதற்ற நோய்க்கு எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை எடுத்து வருகிறேன். நண்பர் ஒருவர் இணையத்தில் ‘செலாங்க்’ என்ற பெப்டைடு பொடியை வாங்கித் தந்தார். குப்பியில் ‘99% தூய்மை, ஆய்வுக்கு மட்டும்’ என்றிருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கரைத்து மூக்கில் விடலாமா? நோயெதிர்ப்புச் சக்தியும் கூடும் என்கிறார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் அம்மாவுக்கும் தரலாமா?

பதில்: இருவருக்குமே வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு, உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம், அதைப் பழைய நோய் திரும்பிவிட்டதாகவே பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

செலாங்க் போலி மருந்து அல்ல. பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. இம்யூனோகுளோபுலின் ஜி என்ற எதிர்ப்புரதத்திலிருந்து உடலே வெட்டியெடுக்கும் ‘டஃப்ட்சின்’ என்ற துண்டில் நான்கு அமினோ அமிலங்கள் உண்டு. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களை அது தூண்டுகிறது. ஆனால் ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். மாஸ்கோ ஆய்வாளர்கள் அதன் முனையில் புரோலின், கிளைசின், புரோலின் என்ற மூன்றைச் சேர்த்து, நொதிகள் எளிதில் அரிக்க முடியாதபடி செய்தார்கள்; அதுதான் செலாங்க். மிக நேர்த்தியான வேலை அது. எலிகளில் இது பதற்றத்தைத் தணித்ததும், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் அளவை மாற்றியதும் பதிவாகியிருக்கின்றன. ரஷ்யாவில் மூக்குச் சொட்டு மருந்தாக விற்பனையிலும் இருக்கிறது.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுதான் மெலிந்தது. 2008-இல் வெளிவந்த ரஷ்ய ஆய்வில் 62 நோயாளிகள். 30 பேருக்குச் செலாங்க், 32 பேருக்குப் பதற்றம் தணிக்கும் மெடசிபாம் என்ற மருந்து. பதற்றம் தணிவதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன, ஆனால் வெற்று மருந்து பெற்ற பிரிவு இல்லாததால், தணிந்ததில் எவ்வளவு மருந்தால் நேர்ந்தது என்று அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. இந்தியாவில் இதை மருந்தாக விற்க அனுமதி இல்லை; அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் ஒப்புதல் தரவில்லை.

உங்களை ஏமாற்றக்கூடியது அந்த 99% என்ற எண். வழக்கமாக, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் மாதிரியைச் செலுத்தி, புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்களில் முதன்மைப் பெப்டைடின் பங்கு எவ்வளவு என்று பார்த்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஈரப்பதம், உப்பு, பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு, உயிருள்ள கிருமி எதுவும் அந்த வரைபடத்தில் தெரியாது. கிருமியின்மைக்கும் எண்டோடாக்சினுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஆய்வகத் தட்டில் வளரும் செல்லுக்காக விற்கும் பொடிக்கு அவற்றைச் செய்தாக வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை. வீட்டில் கரைத்து வைத்த நீரில் பதப்பொருள் இல்லாவிட்டால் கிருமி பெருகவும் இடமுண்டு.

அம்மாவின் நிலை இன்னும் கவலைக்குரியது. முடக்குவாதத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்குவதால்தான் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து அதை அடக்குகிறார்கள். வெள்ளணுக்களைத் தூண்டும் துண்டிலிருந்து பிறந்த பெப்டைடை அதன்மேல் கொடுப்பது சிகிச்சைக்கு எதிர்த்திசையில் போகக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரையில் உங்களுக்கு எது ஒத்துவரவில்லை என்பதை மனநல மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்: தூக்கக் கலக்கமா, பாலுறவுச் சிக்கலா, பலனே போதவில்லையா? அளவை மாற்றுவது, வேறு மருந்து, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனச் சான்றுள்ள வழிகள் பல உண்டு. ஓசூர் சாலையில் நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போக இயலாத நாளில் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.