எருமையும் சைகையும்: பள்ளி மொழிபெயர்ப்பாளர் கேள்வி பதில்

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பன்னிரண்டு வருசமாப் பள்ளிக்கூடங்கள்ல காது கேக்காத பிள்ளைகளுக்குச் சைகையில மொழிபெயர்க்கிறேன். முதல்லயே ஒண்ணு: பேசறப்ப பிள்ளையைப் பாருங்க, எங்களை இல்லை.

பல்லடம், ஒரு அம்மா: பையன் யாரோட சுத்தறான்னு கேட்டா மொழிபெயர்ப்பாளர் மேடம் வாயே திறக்கறதில்லை. சம்பளம் எதுக்குங்க?

அதுக்கும் சேர்த்துத்தானுங்க. மத்த பசங்க ரகசியம் அவங்களோட போயிரும். உங்க பையனோடது எங்க கண்ணைத் தாண்டித்தான் போகுது. அதை வீட்டுக்குக் கொண்டாந்தா மறுநாள் கையை மடக்கிக்குவான். மார்க்கை வகுப்பு ஆசிரியர்கிட்டக் கேளுங்க. ஒரே விலக்கு: பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா, பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும். பள்ளி பேர் கெடும்னு ஹெச்.எம். தடுத்தாலும் சரி. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம்.

பெருந்துறை: மொழிபெயர்ப்பாளர் ஆக ஒரு மாசக் கோர்ஸ் போதுமா?

டில்லியில 2015ல தொடங்கின இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்துல மொழிபெயர்ப்புப் பட்டயமே ரெண்டு வருசம். ஒரு மாசத்துல பேரு சொல்லப் பழகலாம்.

கோபி, கணக்கு ஆசிரியர்: வகுப்புல கோவத்துல, காது கேக்காத ஒரு அம்மிணியை 'எருமை'ன்னுட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே கையில காட்டிட்டாங்க. நாசூக்கா விட்டிருக்கலாமில்ல?

மத்த பிள்ளைகளுக்கு அந்த எருமை போய்ச் சேர்ந்துச்சுங்களா? அப்ப அவளுக்கும் சேரணும். எல்லாரும் சிரிக்கறப்ப ஏன்னு தெரியாம முழிக்கறது திட்டை விடக் கொடுமை.

காங்கயம், சிறப்பாசிரியர்: ஏழு வயசுப் பிள்ளைக்குமா? மனசு ஒடையாதா?

நானும் அப்படி நெனச்சு ஒருக்கா மழுப்பி 'கவனி'ன்னு காட்டினேன். ஆசிரியர் திட்டினதைப் பக்கத்துப் புள்ளை நோட்டுல எழுதிக் காட்டிருச்சு. அப்புறம் ரெண்டு மாசம், நான் பாடத்தைச் சொன்னாக்கூட அவ பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதினா.

கோபி: அப்ப நான் திட்டினதே தப்புங்கறீங்க.

நான் சொல்லலீங்க, நீங்களாச் சொல்றீங்க.

அவிநாசி: தேர்வுல கேள்வியை விளக்கலாமா?

கேள்வியைக் காட்டலாம், விடையைக் கூடாது. இதுல ஒரு வம்பு இருக்கு. 'முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்'னு காட்டினா கையே மூணு பக்கம் போட்டுரும். அந்தச் சொல்லை வினாத்தாள்ல தொட்டுக் காட்டிட்டு மீதியை மட்டும் சைகையில சொல்லணும்.

சத்தி: ஆறு வாரக் கோர்ஸ்...

பெருந்துறைக்காரருக்குச் சொன்னதுதான்.

கோபி: மன்னிப்புக் கேட்டா அதையும் காட்டுவாங்களா?

காட்டுவாங்க. வகுப்புலயே கேளுங்க, அவளைப் பார்த்து.

அந்தியூர்: பதினஞ்சு நாள் ஆன்லைன்ல...

சாமி. மேலே போய்ப் படிங்க.