கட்டியின் ரத்தக் குழாயைத் தேடிப் போகும் பெப்டைடு ஊசி: வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, பெங்களூரில் கீமோ ஓடுகிறது. கட்டியின் ரத்தக் குழாயை மட்டும் தேடித் தாக்கும் பெப்டைடு ஊசி என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா டாக்டர்? - வாசகர், பாலக்கோடு

பதில்: வாங்காதீர்கள். பெப்டைடு என்பது ஒரு சிறு புரதத் துண்டு. அதை வைத்து அப்படி ஒரு ஆராய்ச்சி நடப்பது உண்மைதான், அதனால்தான் இந்த விற்பனை நம்பும்படி இருக்கிறது.

கட்டி வளர அதற்கென்று புது ரத்தக் குழாய் வேண்டும், அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஃபோக்மன் 1971லேயே சொன்னது இது. அந்தப் புதுக் குழாயின் உட்சுவரில் சாதாரணக் குழாயில் அதிகம் இல்லாத சில புரதங்கள் இருக்கும். அவற்றில் ஒட்டும் பெப்டைடைக் கண்டுபிடிக்க, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களைக் கோடிக்கணக்கில் தயார் செய்கிறார்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு வித பெப்டைடு. கட்டியுள்ள எலியின் ரத்தத்தில் செலுத்தி, சில நிமிடம் கழித்துக் கட்டியை எடுத்து, அதில் ஒட்டியிருப்பதை மட்டும் பெருக்கி மறுபடியும் செலுத்துவார்கள். நாலைந்து சுற்றில் நன்றாக ஒட்டுகிற சில வகைகள் மட்டும் மிஞ்சும். 1998ல் அராப், பாஸ்குவாலினி, ரூஸ்லாட்டி என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் இப்படிக் கிடைத்த பெப்டைடில் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கோத்து எலிகளுக்குக் கொடுத்தபோது, வெறும் டாக்ஸோரூபிசினைவிட நன்றாக வேலை செய்தது, நச்சுத்தன்மையும் குறைந்தது. அருமையான வேலை, நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. சிலென்ஜிடைடு என்ற பெப்டைடு மருந்து மூளைக் கட்டியில் 2014ல் தோற்றது. கட்டியின் ரத்தக் குழாயைத் தேடும் என்ஜிஆர் பெப்டைடுடன், டிஎன்எஃப் என்ற கட்டியைத் தாக்கும் புரதத்தைச் சேர்த்த மருந்தும் நுரையீரல் உறைப் புற்றுநோயில் ஆயுளை நீட்டியதாக 2018ல் வந்த பெரிய சோதனை காட்டவில்லை. ஐஆர்ஜிடி என்ற இன்னொன்றைக் கணையப் புற்றுநோயில் கீமோவுடன் சேர்த்துச் சோதித்தார்கள். இப்படித் தேடிப் போகும் பெப்டைடு எதுவும் உங்கள் அம்மாவின் நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இல்லை.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறு. அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆன்லைனில் பெப்டைடு என்று விற்கும் பிபிசி-157 போன்றவை விலங்குச் சோதனைகளில் புது ரத்தக் குழாயை வளர்த்திருக்கின்றன, கட்டி உள்ளவர் உடம்பில் அது போனால் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராகவே ஆகலாம்.

சரி, அப்படியானால் வழியே இல்லையா? ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிஸுமாப், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்தியாவிலும் கிடைக்கிறது. அது அம்மாவுக்குப் பொருந்துமா என்று அடுத்த கீமோவின்போது டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தக்கசிவு வரலாம், ஆபரேஷன் புண் ஆறத் தாமதமாகலாம், அதனால் எல்லோருக்கும் போட மாட்டார்கள். ஆராய்ச்சி மருந்துதான் வேண்டுமென்றால் சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உள்ள சோதனைகளைப் பற்றிக் கேளுங்கள், முறையான சோதனையில் அந்த மருந்துக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஒரு ஊசி போட்டுவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் பாட்டிலோடு போய்ச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மூச்சுத்திணறல், காய்ச்சல், ரத்தக்கசிவு இருந்தால் பெங்களூர் போகும்வரை காத்திருக்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள்.