கேரம் பலகையிலிருந்து ஆரம்பிக்கலாம் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் எங்கள் தெரு கேரம் கிளப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறேன். சட்டம், அறிவியல், கலை, விளையாட்டு எல்லாவற்றுக்குள்ளும் சமூகம் எப்படிப் புகுந்து வேலை செய்கிறது என்று ஆராயும் புத்தகங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இரண்டு புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நாற்பதாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மொழி கடினம். அதைவிட, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எதை எடுத்தாலும் பிறந்த இடம், வர்க்கம், சாதி என்றே போய் முடிகிறதே?

2024-ல் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கியபோது எங்கள் கிளப்பில் யாரும் தூங்கவில்லை. அது அந்தப் பெண்ணின் உழைப்பு இல்லையா? பிள்ளைகளிடம் நான் "நல்லா ஆடு, மேலே வருவே" என்று சொல்வது பொய்யா? பள்ளியில் எங்கள் தமிழய்யா "வெள்ளத்தனைய மலர்நீட்டம்" குறளைச் சொல்லி, உள்ளம் உயர்ந்தால் போதும் என்பார். அறிவியலும் சமூகம் செய்வதுதான் என்றால் அதை எப்படி நம்புவது என்றும் ஒரு குழப்பம். எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?

எம்.,
தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அண்ணா என்று ஆரம்பித்துவிட்டதால் நானும் தம்பி என்றே எழுதுகிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நீங்கள் சொல்லும் கிளப் என் கண்ணுக்குத் தெரிகிறது.

மொழி கடினம் என்பதை விடுங்கள், பழகிவிடும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்கிறீர்களே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து யாராவது ஜெயித்தால் "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். காசிமாவுக்கு முன்னால், 2008-ல், வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன். அவருக்கும் முன்னால் இதே சென்னையில் மரிய இருதயம்: இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. ஒரு பூ பூத்தால் அதிசயம் என்று சொல்லலாம். திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே ஒரு குளம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குளத்தைச் சேறு என்று சொல்லும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உங்கள் தமிழய்யா சொன்ன குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளத்தின் உயர்வைச் சொல்ல வந்த வள்ளுவர் உவமைக்கு எதை எடுத்தார்? தண்ணீரின் ஆழத்துக்குத் தக்கபடி தண்டு நீளும் என்பதை. நாம் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். நீங்கள் எடுத்துப் பார்த்த புத்தகங்கள் அந்த முதல் பாதியை அளக்க உட்கார்ந்தவை. தண்ணீரை அளப்பதால் பூவின் அழகு குறைந்துவிடாது.

கேரமில் அந்தத் தண்ணீர் எது? 29 அங்குலப் பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர். மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், ஆள் நடமாடும் தெருவிலேயே ஆடலாம். ஆடுவது நாலு பேர், சுற்றி நிற்பது பத்துப் பேர். நின்றுகொண்டிருக்கும் பையன் ஆறு மாதம் ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்கவே மாட்டான், ஆனால் எந்தக் காயை கட் பண்ண வேண்டும், எதற்கு டபுள் போட வேண்டும், ரெட்டைப் போட்டால் அடுத்து உடனே போட வேண்டிய ஃபாலோ காய்க்கு எது கிடைக்கும் என்று கண்ணாலேயே ஆடிக்கொண்டிருப்பான். தப்பாக அடித்தால் பின்னாலிருந்து ஒரு பெரியவர் "த்சொ" என்பார். அந்த ஒரு சத்தத்தில் எவ்வளவு பாடம் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசிமா அடித்த ஒவ்வொரு காயும் காசிமா அடித்ததுதான். ஆட்டம் தெரிந்த கண்கள் இத்தனை சூழ்ந்து நிற்கும் தெருக்கள் எல்லா ஊரிலும் இல்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

இதே விஷயத்தைக் குத்துச்சண்டையில் பார்த்தவர் லோயிக் வாக்கான். பிரெஞ்சுக்காரர், 1988-ல் சிகாகோவில் ஆராய்ச்சி மாணவர். கறுப்பின மக்கள் வாழும் உட்லான் பகுதியில் இருந்த ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்து பழகினார், மேடையேறிச் சண்டையும் போட்டார். அதைப் பற்றிய "பாடி அண்ட் சோல்" 2004-ல் ஆங்கிலத்தில் வந்தது. நீங்கள் ஆரம்பிக்க வேண்டிய புத்தகம் அதுதான். எப்படி நிற்பது, எப்போது மூச்சு விடுவது, மற்றவர்கள் பழகுவதைப் பார்த்தே உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். உங்களுக்கு ஒரு வரிகூடப் புதிதாகத் தெரியாது. தெரிந்ததை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியுமா என்பதுதான் புதிதாக இருக்கும்.

அதில் ஒரு இடம் என்னை உலுக்கியது. குத்துச்சண்டைக்கு வருகிறவர்கள் அந்தப் பகுதியிலேயே மிக வறியவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர் பார்த்தது வேறு. நிலைத்து நின்றவர்கள் ஏழைகளிலும் கொஞ்சம் ஒழுங்கான வாழ்க்கை அமைந்த வீட்டுப் பிள்ளைகள். தினமும் ஒரே நேரத்துக்கு வர முடிந்தவர்கள், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருக்க முடிந்தவர்கள். அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த ஒழுங்கே கிடைக்கவில்லை.

இதைப் படித்த ராத்திரி எங்கள் கிளப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களில் நிலைத்து ஆடியவர்கள் யார்? அப்பாவுக்கு ரயில்வேயிலோ துறைமுகத்திலோ மில்லிலோ மாதச் சம்பளம் வந்த வீட்டுப் பையன்கள். எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடியவன் ஒருவன் இருந்தான். அவன் கட் அடித்தால் பெரியவர்களே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பதினான்கு வயதில் அவன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்விட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை, சாயங்காலம் தூக்கம். அவன் கிளப்புக்கு வருவது எப்போது நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. "அவனுக்கு இன்ட்ரஸ்ட் போச்சு" என்று சொல்லிவிட்டோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளிடம் நீங்கள் சொல்வது பொய்யில்லை, தம்பி. தொடர்ந்து சொல்லுங்கள். ஆனால் வராமல் போனவனிடம் ஆர்வம் இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது, அது உங்களுக்குத் தெரியும். அந்த மில்லுக்கும் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. 1918-ல் அந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். 1920-ல் மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலைக்குப் போகாதே என்று தொழிலாளியிடம் சொல்வது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது என்பது வாதம். நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்குத் தடை போட்டது. சங்கம் நடத்துவதே இப்படிக் குற்றம் போல ஆகிவிட்டதால்தான் பாதுகாப்புக் கேட்டுக் குரல் எழுந்தது, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நடுவில் 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்ததும், புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் நடந்தன. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கதை பாதிதான்.

சட்டம் வந்த பிறகும் அது எல்லோருக்கும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. மார்க் கேலன்டர் என்ற அமெரிக்க அறிஞர் 1974-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீதிமன்றத்துக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை வருகிறவர்கள் உண்டு, திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உண்டு. விதி இருவருக்கும் ஒன்றுதான். இரண்டாமவர் அவசரப்பட வேண்டியதில்லை, ஒரு வழக்கில் தோற்றாலும் அடுத்ததில் பார்த்துக்கொள்வார். எங்கள் சித்தப்பா மணலி ரோட்டில் டிரெய்லர் லாரி மோதிக் கால் இழந்தார். நஷ்டஈட்டு வழக்குக்காகப் பாரிமுனைக்கு நாலு வருடம் அலைந்தோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவருக்கு ஒருநாள் கூலி போனது, கூடப் போன எனக்கும் போனது. எதிர்ப்பக்கத்து இன்சூரன்ஸ் வக்கீலுக்கு அது அன்றைய பத்துக் கேசில் ஒன்று. கடைசியில் கேட்டதில் பாதிக்குச் சமாதானம் செய்துகொண்டார். நீதிபதி கெட்டவர் இல்லை. யாரும் கெட்டவர் இல்லை. கேலன்டரைப் படித்தபோது சித்தப்பா ஏன் களைத்துப்போனார் என்று எனக்கு விளங்கியது.

இனி அறிவியல். 1950-களில் சென்னையில் காசநோயாளிகளுக்குப் போதுமான படுக்கைகள் இல்லை. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கி ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று இருந்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் அது. 1956-ல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த ஆய்வு மையம் இந்தக் கேள்வியைச் சோதித்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும், இன்னொரு பகுதியினர் நெருக்கடியான தங்கள் வீட்டுக்கே மாத்திரையுடனும் அனுப்பப்பட்டார்கள். மருந்து ஒன்றே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டு மனிதர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது, உலகம் முழுவதும் காசநோய் வைத்தியமே மாறியது.

இந்த ஆய்வில் சமூகம் எங்கே இருக்கிறது? கேள்வியில் இருக்கிறது. படுக்கை நிறைய இருந்த பணக்கார ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நெருக்கடி இல்லை. நம் ஊரின் வறுமை கேட்க வைத்தது. ஆனால் கிடைத்த பதில் யார் கேட்டாலும் மாறாது, பணக்காரத் தேசத்து நோயாளிக்கும் அதேதான். அறிவியலைச் சமூகம் வடிவமைக்கிறது என்று நல்ல அறிஞர் ஒருவர் சொல்லும்போது, எது கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமலே கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார். அறிவியலை நம்பாதே என்று அதற்கு அர்த்தமில்லை. ஆலைப் புகை கலந்த எண்ணூர்க் காற்றைப் பற்றி நம் பிள்ளைகளுக்காக எத்தனை கேள்விகள் இன்னும் கேட்கப்படாமல் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, புத்தகம். நாற்பதாம் பக்கத்தில் நின்றதை மூடி வையுங்கள், இரண்டு வருடம் கழித்துத் திறக்கலாம். முதலில் வாக்கான். அப்புறம் டிரினிடாட்காரரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-ல் கிரிக்கெட் பற்றி எழுதிய "பியாண்ட் எ பவுண்டரி". தோலின் நிறத்துக்குத் தக்கபடி கிளப்புகள் பிரிந்திருந்த ஊரில், தான் தப்பான கிளப்பில் சேர்ந்ததை அவர் எழுதும் இடத்தை இரண்டு முறை படியுங்கள். கேலன்டர் கட்டுரை நீளம், மெதுவாகப் போகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு பஸ் மாறித்தான் போக வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிக்க இடமும் குளிர்ச்சியும் உண்டு. தேடிக் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என்னிடம் இருக்கும் பிரதிகளைத் தருகிறேன்.

அதோடு கூட ஒரு நோட்டு போடுங்கள். யார்டில் கணக்கு எழுதும் கை உங்களுடையது, இது உங்களுக்குச் சுலபம். எந்தப் பிள்ளை எந்த நாள் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, யார் ஆடினார்கள், யார் நின்று பார்த்தார்கள். யாராவது வராமல் நின்றால் அந்த மாதம் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று போய்க் கேட்டு எழுதுங்கள். பொங்கலுக்கு நான் வண்ணாரப்பேட்டை வருவேன். அப்போது அந்த நோட்டை எடுத்து வாருங்கள், கிளப்பிலேயே உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்