வேலை பார்த்துக்கொண்டே பட்டம்: வார்னர் பசிபிக் பற்றிக் கேட்டீர்கள்

அமெரிக்காவில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஆலோசகராக ஒன்பது வருஷம் இருந்தேன். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் இருக்கிற வார்னர் பசிபிக் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் பற்றி நிறையப் பேர் கேட்டதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அக்கா, பெயரே கேள்விப்பட்டதில்லையே, நிஜமான பல்கலைக்கழகம்தானா?

நிஜம்தான். 1937ல் ஸ்போகேனில் பைபிள் கல்லூரியாக ஆரம்பித்து, 1940ல் போர்ட்லாண்டுக்கு இடம் மாறி, 2018ல்தான் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயர் தெரியாதது பெரிய விஷயமில்லை. அங்கீகாரம் இருக்கிறதா என்று அமெரிக்கக் கல்வித்துறைத் தளத்தில் தேடிப் பாருங்கள். கர்த்தர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துப் பட்டம் விற்கிற கடைகளும் இருக்கின்றன.

நான் இந்து. சேரலாமா?

இதுபோன்ற பல இடங்களில் விசுவாச அறிக்கையை (கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது) ஆசிரியர்களிடம்தான் கேட்பார்கள், மாணவர்களிடம் இல்லை. சில இடங்களில் எல்லாரிடமும் கேட்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். பைபிள் பாடம் ஒன்றிரண்டு வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

15 வருஷம் முன்னால் 70 கிரெடிட்டோடு படிப்பை விட்டேன். வீண்தானா அண்ணி?

வீணில்லை தம்பி. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் சேரும் அலகு) வேண்டும், அதில் கடைசி 30ஐயாவது தங்களிடமே படிக்கச் சொல்கிற இடங்கள் அதிகம். மீதிக்குப் பழைய மார்க் பட்டியல் உதவும், வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் வாங்கித் தரும் கிளெப் (CLEP) தேர்வு எழுதலாம் (பெரும்பாலும் 50 மதிப்பெண் போதும்), சில இடங்களில் வேலை அனுபவத்தையும் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால் கிரெடிட் தருவார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எதை எந்தப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் வந்த ஒருவர் வேறொரு கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கேட்டார், 18 கிரெடிட்டை "விருப்பப் பாடம்" என்று ஓரம் கட்டிவிட்டார்கள். பட்டத்துக்கு அது ஒரு இஞ்ச் கூட உதவவில்லை.

வகுப்பு எப்படி நடக்கும்?

இந்த மாதிரிப் படிப்புகளில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே பாடம், ஐந்தாறு வாரம், வாரம் ஒரு மாலை அல்லது ஆன்லைன். கேட்க லேசாக இருக்கும். ஆனால் ஒரு பருவத்தின் பாடத்தை ஐந்து வாரத்தில் திணிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஹெச்-4 விசாவில் இருக்கிறேன், உதவித்தொகை கிடைக்குமா?

ஹெச்-4 என்பது ஹெச்-1பி மாதிரியான வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது, அதில் படிக்கத் தடையில்லை. ஆனால் பெல் (வருமானம் குறைந்தவர்களுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவித்தொகை) மாதிரியான அரசு உதவி உங்களுக்குக் கிடைக்காது, அது முக்கியமாகக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். வேலையில் இருப்பவர்கள் முதலில் கம்பெனியைக் கேளுங்கள்: ஆண்டுக்கு 5,250 டாலர் வரை முதலாளி கட்டும் கல்விச் செலவுக்கு வருமான வரி கிடையாது. அப்புறம், அறிவித்த கட்டணம் கல்லில் செதுக்கியதல்ல. வார்னர் பசிபிக்கே 2008ல் 23 சதவீதம் குறைத்தது.

சின்ன இடம், பாதியில் மூடிவிட்டால்?

நியாயமான பயம். அதே போர்ட்லாண்டில் 1905ல் தொடங்கிய கன்கார்டியா பல்கலைக்கழகம், 2020 பிப்ரவரியில் அறிவித்து அந்தப் பருவத்தோடு மூடிவிட்டது. கட்டண வருமானத்தை நம்பியே ஓடுகிற சின்னப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் எண்ணிக்கை சரிந்தால் தாங்காது. அதனால் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் மார்க் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு இடம் மாற வேண்டி வந்தால் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.