பைன் கன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

செடிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க் கலைக்கு நான் புதியவன். சென்ற மாதம் நர்சரியில் ஒரு கருப்பு பைன் கன்று வாங்கினேன். நான்கு வயது என்றார்கள். ஒன்றரை அடி உயரம், அடித்தண்டு பென்சில் பருமன். குடைக்கம்பி போல நேராக நிற்கிறது. மூன்று இடங்களில் கிளைகள் வட்டமாகக் கிளம்பியிருக்கின்றன. மண்ணை ஒட்டி இரண்டு சின்னக் கிளைகளும் உண்டு.

காணொளிகளில் ஒரு மணி நேரத்தில் சாதாரணக் கன்றை முதிய மரமாக மாற்றிவிடுகிறார்கள். நானும் நீல நிறத்தில் பளபளக்கும் ஆழமில்லாத சட்டி, அலுமினியக் கம்பி, கத்தரி எல்லாம் வாங்கிவிட்டேன். ஆனால் கத்தரியை எடுத்தால் கை நடுங்குகிறது. எந்தக் கிளையை வெட்டுவது? எந்தப் பாணியில் வடிவமைப்பது? எப்போது சட்டிக்கு மாற்றுவது? இங்கே குளிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்று. "வளர வேண்டிய மரத்தைக் கட்டிப்போட்டு வதைக்கிறீர்களே" என்கிறாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கை நடுங்கியது நல்லதாகப் போயிற்று. எனக்கு நடுங்கவில்லை. என் முதல் பைன் கன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் எடுத்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். கிளைகளில் பாதிக்கு மேல் வெட்டினேன். மிச்சத்துக்கெல்லாம் கம்பி சுற்றினேன். தொட்டியிலிருந்து பிடுங்கி, குழாயடியில் மண் போக வேரைக் கழுவி, அதையும் கத்தரித்து, ஒரு சின்னச் சட்டிக்குள் அடக்கினேன். படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பாராட்டினார்கள். ஏழு வாரம் பச்சையாகவே இருந்தது. எட்டாவது வாரம் நுனிகள் வைக்கோல் நிறத்துக்கு மாறின. பைன் அப்படித்தான், உயிர் போன பிறகும் பல வாரங்கள் இலை பச்சை காட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மாதத்துக்கு மேல் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

வேரை முழுக்கக் கழுவியதைத் தவிர, அன்று செய்த எல்லாமே போன்சாயில் வழக்கமாகச் செய்கிற வேலைகள்தான். ஒரே நாளில் செய்ததுதான் கொன்றது. கிளை போனால் மரத்துக்குச் சமையல் நடக்கும் இடம் போகிறது. வேர் போனால் தண்ணீர் வரும் வழி போகிறது. ஒன்று குறைந்தால் மற்றதை வைத்துச் சமாளித்துவிடும். இரண்டும் போனால் என்ன செய்யும்? அதனால் ஒரு வருடத்துக்கு ஒரு பெரிய வேலை, அவ்வளவுதான். காணொளியில் நீங்கள் பார்த்த மரம் பல வருடங்கள் வளர்ந்து தண்டு பருத்தது. அந்த வருடங்களை யாரும் படம் பிடிப்பதில்லை, பார்க்க ஒன்றுமே இருக்காது.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஊசியிலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். கருப்பு பைனுக்கு இரண்டு. ஊசி விறைப்பாக, கையைக் குத்தும். நுனி மொட்டு வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும். இரண்டு ஊசி இருந்து, மொட்டு செம்மையாகவும் இலை மென்மையாகவும் இருந்தால் அது செம்பைனாக இருக்கலாம். ஐந்து ஊசி என்றால் வெள்ளை பைன், அதற்கு வைத்தியமே வேறு. நர்சரி அட்டையை நம்ப வேண்டாம், கொத்தை நம்புங்கள். கருப்பு பைன்தான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

எதை வெட்டுவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், எது மரம் என்று பார்த்துவிடலாம். ஒன்றரை அடி உயரத்துக்கு நிற்கிறதே, அதில் உங்கள் வருங்கால மரம் அடியிலுள்ள மூன்று நான்கு அங்குலம் மட்டும்தான். மண்ணை ஒட்டி இரண்டு சின்னக் கிளைகள் உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அவைதான் சொத்து. அதற்கு மேலே இருப்பதெல்லாம் கூலியாள். வேலை முடிந்ததும் அனுப்பிவிடப் போகிறோம்.

போன்சாயில் பார்வை முதலில் போய் விழுவது அடித்தண்டில். அடி பருத்து, மேலே போகப் போக மெலிய வேண்டும். அப்போதுதான் ஓரடி மரம் கண்ணுக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும். தண்டு எப்படிப் பருக்கும்? மேலே இருக்கிற இலைகள் அனுப்பும் உணவில்தான். இலை எவ்வளவு அதிகமோ, அதற்குக் கீழே உள்ள தண்டு அவ்வளவு வேகமாகப் பருக்கும். ஆக, மரத்தைச் சின்னதாக்க வேண்டுமானால் முதலில் அதைப் பெரிதாக வளரவிட வேண்டும். எனக்கு இது உறைக்கவே இரண்டு கன்றுகள் செலவாயின.

மேல்தண்டை வெட்டாமல் ஓடவிடுங்கள். மூன்றடி, நான்கடி போனாலும் போகட்டும். போன்சாய்க்காரர்கள் இதைத் தியாகக் கிளை என்பார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்காது, மரம் எதையும் தியாகம் செய்வதில்லை, வெட்டுவது நாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓடுகிற தண்டின் பக்கக் கிளைகள் அடிக்கிளைகளின் மேல் நிழல் விழச் செய்யும். நிழலில் விட்டால் பைன் கிளை ஒன்றிரண்டு வருடத்தில் காய்ந்துவிடும். அதனால் தண்டு உயர உயர, மேல்தண்டின் கீழ்ப்பகுதியைப் படிப்படியாக மொட்டையாக்கி, உச்சியில் மட்டும் குஞ்சம் மாதிரி இலை விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் "இதுவா போன்சாய்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

அடி வேண்டிய அளவு பருத்ததும் மேல்தண்டை அறுத்துவிட்டு, அடிக்கிளைகளில் ஒன்றைப் புதிய உச்சியாக நிமிர்த்துவோம். பருத்த தண்டுக்கு மேலே ஒல்லியான தண்டு வருவதால் மெலிவு தானாக அமையும். பிறகு அதையும் கொஞ்சம் ஓடவிட்டு அறுப்போம். இப்படி இரண்டு மூன்று சுற்று. நிலத்தில் நட்டால் வேகம், தொட்டியில் நிதானம். எப்படியானாலும் வருடங்கள் ஆகும்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பல மரங்களை மொட்டையாக வெட்டினாலும் பழைய பட்டையிலிருந்து துளிர்க்கும். பைனிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிளையைக் குறைப்பதானால், வெட்டிய இடத்துக்கும் தண்டுக்கும் நடுவே பச்சை ஊசிகள் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கிளை செத்தது. அடியிலுள்ள இரண்டு கிளைகளின் மேல் எனக்கு இவ்வளவு கரிசனம் வருவதும் இதனால்தான். அவை போனால் அந்த உயரத்தில் இன்னொரு கிளையை அநேகமாக நீங்கள் பார்க்க முடியாது.

சரி, இந்தக் குளிர்காலத்தில் செய்ய வேண்டிய ஒரே வேலை என்ன? தண்டை வளைப்பது. பென்சில் பருமனில் இருக்கும்போதுதான் வளையும். கட்டைவிரல் தாண்டிவிட்டால் நீங்கள் சொல்வதை அது கேட்காது. குளிரில் மரம் அரைத்தூக்கத்தில் இருப்பதால் கம்பி கட்டத் தோதான காலமும் இதுவே.

தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள அலுமினியக் கம்பி போதும். நுனியை வேருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் ஆழமாகச் செருகுங்கள். பிடிப்பு இல்லாத கம்பி வெறும் அலங்காரம். அங்கிருந்து ஏறத்தாழ 45 பாகை சாய்வில், இடைவெளி சீராக இருக்கும்படி மேலே சுற்றிக்கொண்டு போங்கள். நடுவில் ஊசிகள் சிக்கி நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைக்கும்போது இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உள்பக்கம் கொடுத்து, வெளிப்பக்கத்தில் கம்பி தாங்கும்படி மெதுவாக அழுத்துங்கள். வெளிப்பக்கம் கம்பி இல்லாத இடத்தில்தான் தண்டு முறியும். முதல் வளைவு மண்ணிலிருந்து ஓரங்குலத்துக்குள் தொடங்கட்டும். எல்லாரும் செய்கிற பிழை, வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வளைப்பது. முன்னாலிருந்து பார்த்தால் ஊர்கிற பாம்பு, பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டையான பலகை. முன்னும் பின்னுமாகவும் திருப்புங்கள். ஒரு வளைவு சின்னது, அடுத்தது பெரிது என்று சமமில்லாமல் இருக்கட்டும்.

வசந்தத்தில் தண்டு பருக்கத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை கம்பியைப் பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். மிச்சம் பிடிக்கலாமே என்று சுற்றிய வழியே அவிழ்க்கப் போனால் கிளை ஒடியும். கொஞ்சம் பதிந்துவிட்டால் பதற வேண்டாம். வயது ஏறும்போது கருப்பு பைனின் பட்டை பாளம் பாளமாக வெடித்து அந்தத் தழும்பை மூடிவிடும்.

இதோடு, அடியிலிருந்து முதலில் வருகிற கிளைவட்டத்தில் இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். ஒரே இடத்தில் நாலைந்து கிளைகள் கிளம்பினால் அங்கே தண்டு முழங்கால் மாதிரி வீங்கிவிடும். இது சின்ன வேலை, மரம் தாங்கும். மேலே உள்ள வட்டங்களை இப்போது தொடாதீர்கள்.

தொட்டி மாற்றுவது இந்தக் குளிருக்கு அல்ல, அடுத்த குளிர் முடிந்து மொட்டுகள் நீளத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். ஒரே ஒரு விதிவிலக்கு: இப்போதிருக்கும் மண்ணில் தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கி நின்றால், வேரை முதலில் கவனியுங்கள். அப்படியானால் இந்த வருடம் கம்பி வேண்டாம், இந்தக் குளிர் முடியும்போது தொட்டி மட்டும். பழைய மண்ணில் பாதியை அப்படியே விட்டுவிட வேண்டும். அதில் வெள்ளை நூல் நூலாகத் தெரிவதைப் பூசணம் என்று கழுவிவிடாதீர்கள். பைன் வேரோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் பூஞ்சை அது. சத்தும் நீரும் வேருக்கு எட்ட உதவுகிறது. நான் குழாயடியில் கழுவி விட்டது அதைத்தான்.

புதிய மண் கலவை என்றால், தூள் போகச் சலித்த பருமணிகள். நுரைக்கல், எரிமலைக் கல், ஜப்பானியரின் அகடாமா என்ற களிமண் மணிகள், எது கிடைக்கிறதோ அது. தண்ணீர் ஊற்றியவுடன் அடியில் ஓட வேண்டும், அதுதான் முக்கியம். வளர்கிற காலத்தில் சட்டியைவிடச் சமையலறை வடிகூடை நல்லது. கூடையின் துளைக்கு வந்த வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, பின்னால் கிளைவிடும். வேர் வட்டமடித்துச் சுற்றாமல் நெருக்கமாகப் பெருகும். மற்றபடி நேர் வெயில், வளர்காலத்தில் தாராளமாக உரம். வீட்டுக்குள் மேசைமேல் மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வசந்தத்தில் மெழுகுவர்த்தி மாதிரி நீளமாகத் தளிர்கள் எழும்பும். கோடையின் தொடக்கத்தில் அவற்றை அடியோடு நறுக்கும் காணொளி கண்டிப்பாக உங்கள் கண்ணில் படும். மெகிரி என்பார்கள். நறுக்கிய இடத்தில் இரண்டாம் முறை துளிர்த்து, குட்டையான ஊசிகள் வரும். வடிவம் கூடிய, பலமான மரத்தை நேர்த்தியாக்கும் வேலை அது. உங்கள் கன்று இப்போது பருக்க வேண்டிய பிள்ளை, அதன் சாப்பாட்டைப் பிடுங்கக் கூடாது. வெள்ளை பைனுக்கு இதைச் செய்யவே கூடாது, அதற்கு வருடத்துக்கு ஒரு துளிர்ப்புதான்.

எந்தப் பாணி என்பதை மரம் பருத்த பிறகு பேசலாம். நேராக நிற்கிறதே, செங்குத்துப் பாணிக்கு வசதிதானே என்று தோன்றும். அதுதான் இருப்பதிலேயே கடினம். எள்ளளவு கோணல் இருந்தாலும் உடனே தெரியும். வளைந்த தண்டோடு நிமிர்ந்து நிற்கும் மொயோகி பல பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவர் பாதி சரி. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது வதைதான். ஆனால் போன்சாய் பட்டினி போட்டுக் குட்டையாக்கிய மரம் என்பது சரியில்லை. பட்டினி போட்டால் அது சாகும், குட்டையாக வாழாது. அதே கன்றை நிலத்தில் வைத்தால் நெடுமரமாக வளரும், அந்தக் குணம் எங்கேயும் போய்விடவில்லை. வாஷிங்டனிலுள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளை பைன் இருக்கிறது. 1625 முதல் போன்சாயாக வளர்ந்துவருவது. யமாகி குடும்பத்தார் ஹிரோஷிமாவில் வைத்திருந்தார்கள். 1945ல் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு மதிலின் மறைவில் நின்று பிழைத்துக்கொண்டது. 1976ல் அமெரிக்காவுக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். குண்டுக்குத் தப்பிய மரம் அது என்று அங்கே பரவலாகத் தெரியவந்தது 2001ல், அந்தக் குடும்பத்துப் பேரன்கள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான். கிட்டத்தட்ட 400 வருடம் யாரோ ஒருவர் விடாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இதை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் வெளியூர் போகும்போது தண்ணீர் ஊற்றப் போவது அவர்தான், அதனால் விவாதத்தில் ஜெயிக்க வேண்டாம்.

அந்த நீலச் சட்டியில் இப்போதைக்கு வேறு ஏதாவது செடி வையுங்கள். பைனுக்கு வழக்கமாகப் பளபளப்புப் பூச்சு இல்லாத மண்நிறச் சட்டிதான். அதை வாங்கவும் நிறைய நாள் இருக்கிறது. கம்பி சுற்றியதும் வளைப்பதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், அடி மூன்றங்குலம் தெளிவாகத் தெரியும்படி.

அன்புடன்